பேரீச்சை மரத்தடியில்

1990 ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு, விடுதலைப் புலிகள் கிழக்கிலங்கையின் ஏறாவூருக்குள் புகுந்து நூற்றுக்கும் அதிகமான முஸ்லிம்களைக் கொன்றார்கள். பெண்களையும் பச்சைப் பிள்ளைகளையும் விடவில்லை. அடுத்த மாதம் 9ஆம் திகதி, சற்றுத் தெற்கே சத்துருக்கொண்டானில் இராணுவத்தின் கையில் தமிழர்கள் மாண்டார்கள். இப்படியான இரவுகளில் தப்பியவர்களைப் பிற்பாடு அரிப்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நான் ஏன் கத்தயில்ல?"

ஓட வழியில்லாதபோது உடம்பு விறைத்துவிடும். மனம் உடம்பை விட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிரெஞ்சு உளவியலாளர் பியர் ஜானே இந்தப் பிளவைப் பற்றி 1889இலேயே எழுதியிருக்கிறார். யாரும் யோசித்து எடுக்கும் முடிவல்ல அது. உயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. ஆனால் பிறகு வெட்கம் வருகிறது. கல்லாட்டம் நின்றேனே என்ற வெட்கம். அது தாங்காமல் மனம் மறுபடி ஒதுங்குகிறது, ஒதுங்கியதற்காக மறுபடி வெட்கப்படுகிறது. நெற்றி ஸஜ்தாவில் இருக்கும், ஆள் அங்கே இருக்கமாட்டார். ஈமான் குறைந்துவிட்டதோ என்று அதற்கும் ஒரு வெட்கம்.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று கேட்டு வளர்ந்த ஊரில் இதைப் பிரித்துச் சொல்வது லேசில்லை. பாவத்துக்கு முன் நம்மைத் தடுக்கும் நாணம் ஒன்று. எவரோ செய்த பாவத்தை நம் மேல் பூசிக்கொள்வது முற்றிலும் வேறு.

குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில், மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையோடு தனியே ஒரு பேரீச்சை மரத்தடிக்கு வருகிறார்கள். முன்னமே செத்து, எவர் நினைவிலும் இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்துக்கு ஒரு கண்டிப்பும் இல்லை. என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துவது அடுத்து நடப்பதுதான். குற்றமற்றவள் என்ற தீர்ப்புக்கூட முதலில் வரவில்லை. காலடியில் ஓடும் தண்ணீர் காட்டப்படுகிறது. மரத்தைப் பிடித்து உலுக்கச் சொல்லப்படுகிறது. கனிந்த பழம் விழுகிறது. தாகம், பசி, கை, மரம். இன்றைய உளநல ஆலோசகர்கள் பலரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்: பாதத்தின் கீழ் தரை, கையில் படும் பொருள். அதன்பின் மர்யமுக்கு ஒரு சலுகை: அன்று அவர்களுக்கு மௌன நோன்பு, எந்த மனிதருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஊர் திரண்டு கேட்டபோது பேசியது தொட்டில் பிள்ளை.

ஆகஸ்டில் ஏறாவூர் தன் சுஹதாக்களை நினைக்கும் நாளில், பேச வராத மூத்தம்மாவை வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் போய் இருந்து, "தேத்தண்ணி ஊத்தட்டா, மூத்தம்மா?" என்று கேளுங்கள். கதை வந்தால் வரட்டும். வராவிட்டால், இன்று அவருக்கு நோன்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.