இறந்தோர் இரகசியமும் வைத்தியர் கடமையும்

நோயுற்றவர் வைத்தியரிடம் கூறுவனவற்றை வேறெவரிடமும் எளிதிற் கூறார். அவருடைய அச்சமும் நாணமும் குடும்பத்தார் அறியாத பழக்கங்களும் அங்கே வெளிப்பட்டு, மருத்துவப் பதிவேட்டில் எழுத்துருப் பெறுகின்றன. கூறியவர் இறந்தபின் அவ்விரகசியமும் இறந்துவிடுகின்றதா? பிரான்சில் எழுந்த வழக்கொன்று இவ்வினாவை ஆராய்வதற்குப் பெரிதும் துணைபுரியும்.

1981 இல் பிரான்சின் ஜனாதிபதியான பிரான்சுவா மித்தெரான், தமது உடல்நிலை பற்றிய அறிக்கைகளைக் காலந்தோறும் வெளியிடுவதாக வாக்களித்திருந்தார். அவ்வாண்டிலேயே அவருக்குப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. ஆயின் மக்கள் அதனை அறிந்தது 1992 இலேயாம். இடைப்பட்ட ஆண்டுகளில் நோயை மறைத்து வெளியான அறிக்கைகளில் ஒப்பமிட்டவர் அவருடைய வைத்தியர் குளோது குப்ளேர். மித்தெரான் 1996 சனவரி 8 இல் இறந்தார். ஒன்பது நாட்களின் பின்னர், பத்திரிகையாளர் ஒருவருடன் இணைந்து குப்ளேர் எழுதிய 'பெரும் இரகசியம்' என்னும் பொருள்படும் நூல் வெளிவந்தது. மறுநாளே நீதிமன்று அதன் விநியோகத்தைத் தடுத்தது. அதற்குள் ஏறத்தாழ 40,000 பிரதிகள் விற்பனையாகியிருந்தன. தொழிலிரகசியத்தை மீறியமைக்காகக் குப்ளேருக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இறந்தவருக்கு நாணமில்லை, ஆதலால் தீங்குமில்லை என்பர் சிலர். இது பொருந்தாது. வைத்தியர் காக்கும் மௌனம் இறந்தவருக்கு மட்டும் உரியதன்று. நாளை அவர் முன் வந்து அமரப்போகும் நோயாளருக்கும் உரியது. தாம் இறந்த மறுவாரமே தமது நோய் கடைவீதியில் விலைபோகும் என அஞ்சுபவர் இன்றே வாய்மூடுவர். கூறப்படாத நோய்க்குச் சிகிச்சையும் இல்லை.

எனினும் இம்மௌனம் எல்லையற்றதன்று. 1994 இன் இறுதியிலேயே மித்தெரான் பதவிக் கடமையாற்றும் நிலையில் இருக்கவில்லை என அந்நூல் கூறியது. இஃது ஒரு நாட்டின் குடிமக்கள் அறிய வேண்டிய செய்தியன்றோ? 2004 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இவ்விரு நியாயங்களையும் சீர்தூக்கியது. குடும்பத்தாரின் துயரம் ஆறாத வேளையில் விதிக்கப்பட்ட தற்காலிகத் தடை முறையானதே என்றும், 1996 ஒக்டோபரில் விதிக்கப்பட்ட நிரந்தரத் தடை கருத்துச் சுதந்திரத்தை மீறியது என்றும் அது தீர்ப்பளித்தது. நாட்செல்லச் செல்ல மறைப்பதற்கான நியாயம் மெலிகின்றது என்பதே இதன் கருத்து.

பிரெஞ்சுச் சட்டமும் இவ்வாறே எல்லை வகுத்தது. 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மரணத்தின் காரணத்தை அறியவோ, இறந்தவரின் நற்பெயரைக் காக்கவோ, தமது உரிமைகளை நிலைநாட்டவோ மரபுரிமையாளர் பதிவேட்டிலுள்ள உரிய தகவல்களைப் பெறலாம். இறந்தவர் தம் வாழ்நாளில் மறுத்திருப்பின் பெறவியலாது. வைத்தியசாலைகள் பதிவேடுகளைப் பொதுவாக 20 ஆண்டுகள் பேண வேண்டும் என 2006 இல் விதிக்கப்பட்டது. ஆகவே பதிவேடு வைத்தியரின் சொத்தன்று. உறவினரின் முழுச் சொத்துமன்று. இறந்தவரின் விருப்பமே அதனை இன்னும் காத்து நிற்கின்றது.

இவ்விடத்து மௌனத்தையும் பொய்யையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும். நோயை வெளியிடாதிருக்க வைத்தியர் கடமைப்பட்டவர். நோயில்லை எனத் தோன்றும் அறிக்கையில் ஒப்பமிட எவருக்கும் கடமைப்பட்டவரல்லர். ஒப்பமிட மறுப்பதே இரகசியத்தை வெளிப்படுத்திவிடாதோ எனக் கேட்கலாம். மறுப்பினால் ஐயம் எழும். நோயின் விவரம் வெளிப்படாது. அவ்வையத்துக்கு விடைகூறும் பொறுப்பு, வாக்களித்த தலைவரையே சாரும். பொய்யும் ஒரோவழி வாய்மையின் இடத்தைப் பெறும் எனக் கொண்ட வள்ளுவரும் குற்றமற்ற நன்மை விளைதலை அதற்கு நிபந்தனையாக்கினார். வாக்களித்த மக்களை ஏமாற்றிய அறிக்கைகள் அந்நிபந்தனையை நிறைவுசெய்தன எனக் கூறவியலாது.

குப்ளேரின் தவறு இரகசியத்தை வெளியிட்டதில் மட்டும் தொடங்கவில்லை. பல்லாண்டுகட்கு முன்னர், முதலாவது அறிக்கையில் ஒப்பமிட்டபோதே அது தொடங்கிவிட்டது. அன்று பேனாவைக் கீழே வைத்திருப்பாராயின், பின்னர் நூலெழுத அதனைக் கையிலெடுக்க வேண்டிய தேவை அவருக்கு நேர்ந்திராது.