பிறப்பு தருவது உரிமையா, கடனா?

புதுக்கோட்டையில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர் நாளன்று கையில் மனுவோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்குச் செல்லும் எளிய மனிதர், ஒரு காலத்தில் மன்னர் குடும்பம் ஏறி இறங்கிய படிகளில்தான் ஏறுகிறார். தொண்டைமான் மன்னர்களின் புதிய அரண்மனையே இன்றைய ஆட்சியர் அலுவலகம். 1948ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அரசரின் இல்லம் குடிமக்களின் அலுவலகமானது. கட்டடம் மாறிவிட்டது. நம் மனமும் மாறியிருக்கிறதா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி.

அரியணை மறைந்தபின் அக்குடும்பத்தின் பெயர் மக்களாட்சியின் வாசலுக்கு வந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த விஜயரகுநாத தொண்டைமான் காங்கிரஸ் சார்பில் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். அக்குடும்பத்தின் மருமகளான சாருபாலா தொண்டைமான் 2001ஆம் ஆண்டு முதல் 2009 வரை திருச்சி மாநகராட்சியின் மேயராகப் பணியாற்றினார். 2012ஆம் ஆண்டு, புதுக்கோட்டைச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முத்துக்குமரன் சாலை விபத்தில் மறைந்ததை அடுத்து இடைத்தேர்தல் வந்தது. அதில் அதே அரச குடும்பத்தைச் சேர்ந்த கார்த்திக் தொண்டைமான் அ.இ.அ.தி.மு.க. வேட்பாளராக நின்று எழுபதாயிரம் வாக்குகளுக்கும் மேற்பட்ட வேறுபாட்டில் வென்றார். தி.மு.க. அந்தத் தேர்தலில் போட்டியிடவில்லை. 2016இல் அவர் மீண்டும் நின்றார், தோற்றார். 2021இலும் நின்றார்; அப்போதும் மக்கள் வேறொருவரையே தேர்ந்தனர்.

ஒரு வெற்றியும் இரு தோல்விகளும் கொண்ட இந்த அரசியல் வாழ்வைக் குறைகூறுவதற்காக நாம் எடுத்துக்கொள்ளவில்லை. நாடெங்கும் காணப்படும் ஒரு நிலையை அமைதியாக ஆராய்வதற்கு இது நல்ல சான்று என்பதாலேயே எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்தார் என்பது பொதுவாழ்வில் அவருக்கு எதைத் தருகிறது?

"வாரிசு அரசியல்" என்று சொல்லி முகஞ்சுளிப்பது எளிது. ஆனால் பிறப்பைக் காரணங்காட்டி ஒருவரை விலக்குவதும் அநீதியே என்பதைப் புதுக்கோட்டையின் வரலாறே நமக்குக் காட்டுகிறது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915ஆம் ஆண்டு மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. ஆங்கில அரசு அப்பெண்ணை அரசியாக ஏற்கவில்லை. மகனுக்கு அரசுரிமையையும் அளிக்கவில்லை. 1928இல் மன்னர் வெளிநாட்டிலேயே காலமானபோது, அதே குடும்பத்தின் ஆறு வயதுச் சிறுவர் இராஜகோபாலத் தொண்டைமான் அரியணையில் அமர்த்தப்பட்டார். ஒரு சிறுவன் இன்னாருக்குப் பிறந்தான் என்பதற்காக விலக்கப்பட்டான். இன்னொரு சிறுவன் இன்ன குடும்பத்தில் பிறந்தான் என்பதற்காக ஏற்கப்பட்டான். இருவரிடமும் எவரும் தகுதியைத் தேடவில்லை. தேடக்கூடிய வயதும் அவர்களுக்கு இல்லை. குடிமக்களையோ எவரும் கேட்கவே இல்லை. ஆகவே, வாரிசு என்பதற்காகவே ஒருவரை ஏற்பதும், வாரிசு என்பதற்காகவே ஒருவரைத் தள்ளுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டிலும் மனிதரைப் பார்க்காமல் அவருடைய குருதியையே பார்க்கிறோம்.

அப்படியானால் வாரிசு வேட்பாளரும் மற்றவரும் ஒன்றுதானே, வாக்காளர் முடிவு செய்துகொள்வார் என்று விட்டுவிடலாமா? விடமுடியாது. ஏனெனில் இருவரும் ஒரே இடத்திலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. பெரிய குடும்பத்தின் பிள்ளைக்குப் பதவி மரபுரிமையாக வருவதில்லை என்பது உண்மையே. ஆனால் அவருக்குப் பெயர் வருகிறது. பெயர் என்பது வெறும் ஒலியன்று. முன்னோர் வெட்டிய குளமும், திறந்த பள்ளியும், பசித்தவனுக்கு இட்ட சோறும் மக்கள் மனத்தில் நம்பிக்கையாகச் சேர்ந்து பெயராகின்றன. அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தவர் ஒருவர், செலவிடுபவர் மற்றொருவர். பிறர் சேர்த்த பொருளை வைத்து வாழ்வைத் தொடங்குகிறவர் அதைத் தன் உடைமை என்று எண்ணினால் அது ஊதாரித்தனம். தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட கடன் என்று எண்ணினால் அது பொறுப்பு. வாரிசுக்கு மற்றவரினும் மிகுதியான சலுகை கிடைக்கிறது என்றால், அவர் மற்றவரினும் மிகுதியாகக் கணக்குக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்.

இன்னொருவரையும் நாம் மறந்துவிடலாகாது. இருபது ஆண்டுகள் கொடிகட்டி, சுவரெழுதி, இரவெல்லாம் வாக்குச்சாவடிப் பட்டியல் பார்த்த தொண்டர் ஒருவர் ஒவ்வொரு கட்சியிலும், ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். வேட்பாளர் பட்டியல் உருவாகும் அறையில் அவர் பெயரை உச்சரிக்க ஒருவரும் இல்லை. தேர்தலில் தோற்றவரைக் குறித்து நாளிதழ்கள் எழுதுகின்றன. தேர்தலில் நிற்கவே இயலாமற்போனவரைக் குறித்து எவரும் எழுதுவதில்லை. வாரிசுரிமையின் உண்மையான இழப்பு வாக்குப் பெட்டியில் அன்று, அதற்கு முன்பே நேர்கிறது. கட்சிகள் நிறுத்தியவர்களுள் ஒருவரைத்தான் வாக்காளர் தேர்ந்தெடுக்க முடியும். நிறுத்தாதவரைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வழியில்லை.

ஆயினும் புதுக்கோட்டை மக்கள் பெயருக்கு அடிமையானவர்கள் அல்லர். சமஸ்தானம் இணைந்த நான்கே ஆண்டுகளில் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில், அவர்கள் நாடாளுமன்றத்திற்கு அனுப்பியது அரண்மனையைச் சார்ந்தவரை அன்று. வழக்கறிஞர் முத்துசாமி வல்லத்தரசுவை. அறந்தாங்கியில் 1977 முதல் 1996 வரை நடைபெற்ற ஆறு சட்டமன்றத் தேர்தல்களிலும் வென்ற சு. திருநாவுக்கரசர் அரச குடும்பத்தவர் அல்லர். 2019இல் திருச்சி நாடாளுமன்றத் தொகுதியில் அவரும் சாருபாலா தொண்டைமானும் எதிரெதிரே நின்றபோது வென்றவர் அவரே. ஆனால் வரலாறு அதோடு நிற்கவில்லை. 2021இல் அதே அறந்தாங்கியிலிருந்து சட்டமன்றத்திற்குச் சென்றவர் அவருடைய மகன் இராமச்சந்திரன். பழைய குடும்பப் பெயர் ஒன்று இறங்குமுன் புதிய குடும்பப் பெயர் ஒன்று எழுகிறது. ஆகவே இது அரண்மனைகளின் நோய் என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. தன் உழைப்பால் உயர்ந்த தந்தைக்கும் தன் இடத்தைத் தன் பிள்ளைக்கே விட்டுச்செல்லும் ஆசை எழுகிறது. அந்த ஆசை இயல்பானது. இயல்பானது என்பதால் அது நீதியானது என்றாகிவிடாது.

விவிலியம் இதை மறைக்கவில்லை. குறையற்ற நீதித்தலைவரான சாமுவேல் முதுமையில் தம் புதல்வர் இருவரையே இஸ்ரயேலின் நீதித்தலைவர்களாக ஏற்படுத்தினார். அவர்களோ கையூட்டு வாங்கி நீதியைப் புரட்டினர். தந்தையின் நேர்மை மக்களுக்கு இறங்கி வரவில்லை. பதவி மட்டுமே இறங்கி வந்தது. திருச்சபையும் தன் வரலாற்றில் இந்தக் கசப்பை உண்டிருக்கிறது. திருத்தந்தையர் சிலர் தம் உறவினருக்குப் பதவியும் பொருளும் வாரி வழங்கிய நூற்றாண்டுகள் இருந்தன. 1692இல் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்ட் அதற்குச் சட்டத்தால் தடையிட்டார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஆயரின் நெருங்கிய உறவினர் அவருடைய முதன்மைக் குருவாகவோ, மறைமாவட்ட நிதிக்குழு உறுப்பினராகவோ இருத்தலாகாது என்கிறது. உறவினர் அனைவரும் தீயவர் என்பதால் அன்று. பாசம் கண்ணை மறைக்கும் என்பதாலும், நல்லவர்க்கும் வேலி தேவை என்பதாலுமே அந்தச் சட்டம்.

இனி நம்மைப் பார்ப்போம். திருவிழாக் கொடியைச் சுமக்கும் மரியாதை தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்கு உரியது என்று வழக்காடும் ஊர்கள் நம்மிடையே இல்லையா? பங்குப் பேரவைக்குப் பெயர்கள் கேட்கப்படும்போது, "அவர் அப்பா இருந்த இடம்" என்ற ஒரே காரணத்தால் ஒருவரை முன்மொழிந்து நாம் கைதட்டியதில்லையா? நம் சங்கங்களில் பிள்ளைக்கு இடம் பிடித்து வைக்கும் நாம், அரசியல்வாதி தன் பிள்ளைக்குத் தொகுதி பிடித்து வைக்கும்போது மட்டும் சினம் கொள்வது எப்படி? நாட்டின் பழக்கம் வீட்டிலும் பங்கிலும்தான் பயிலப்படுகிறது.

எனவே பெரிய குடும்பத்தின் பெயரைச் சொல்லி வாக்கோ பொறுப்போ கேட்டு வருபவரிடம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கேட்பதற்கு முன் எங்களோடு உழைத்தீரா? உழைத்ததற்கும் பெற்றதற்கும் கணக்குச் சொல்வீரா? உம் குருதியல்லாத ஒருவரை உமக்குப்பின் அந்த இடத்திற்கு ஆயத்தம் செய்வீரா? மூன்றாவது கேள்வியே கடினமானது. அதற்கு ஆம் என்பவருக்குக் குடும்பப் பெயர் தடையாகாது. இல்லை என்பவருக்கு அது தகுதியுமாகாது.

1928இல் அரியணையேறிய சிறுவரை இறங்கச் சொல்லும் உரிமை குடிமக்களுக்கு இல்லை. 2016இலும் 2021இலும் அதே குடும்பத்தவரிடம், "இம்முறை வேண்டாம்" என்று மக்கள் சொன்னார்கள். அவரும் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவராக இருந்தார். அரியணைக்கும் சட்டமன்ற இருக்கைக்கும் உள்ள வேறுபாடு, அதில் அமர்பவர் யார் என்பதில் இல்லை. அவரை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்பதில் இருக்கிறது. அந்த உரிமை இப்போது மனுவோடு படியேறும் அந்த எளிய மனிதர் கையில் இருக்கிறது. அவர் கேட்பது பிச்சையன்று. தனக்கு வரவேண்டிய கடன்.