லிஸ்பனில் மலிவு வாழ்க்கை, யார் கணக்கில்?

லிஸ்பனில் இருவர் மாதம் எவ்வளவு பணத்தில் வாழலாம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பஸ் பாஸில் தொடங்குவார்கள். மாநகரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பஸ், மெட்ரோ, டிராம், புறநகர் ரயில், தேஜோ ஆற்றைக் கடக்கும் படகு அத்தனைக்கும் ஒரே அட்டை. ஆளுக்கு மாதம் 40 யூரோ. காப்பி ஒரு யூரோவை ஒட்டி. தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில், காகித விரிப்பு போட்ட மேசையில், சூப், பொரித்த மீன், உருளைக்கிழங்கு, சோறு என்று அன்றைய மதியச் சாப்பாடு பத்துப் பன்னிரண்டு யூரோ. குளிர்காலத்திலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ உள்ள நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் தம்பதிக்கும், வடக்கு ஐரோப்பாவில் ஓய்வுபெற்று வரும் தம்பதிக்கும் இந்தக் கணக்கு இனிக்கத்தான் செய்யும். இதே ஊரில் 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 870 யூரோ. நகர நடுவில் ஒரு படுக்கையறை வீடு ஆயிரம் யூரோவுக்குக் குறைவாகக் கிடைப்பது அபூர்வம்.

ஊர்க்காரருக்கே கட்டுப்படியாகாத ஊரில், கட்டுப்படியாகிறது என்பதற்காகவே வெளியிலிருந்து ஒருவர் வந்து குடியேறுவது சரிதானா? சட்டம் அனுமதிக்கும்போது கேள்வி என்ன என்பவர்கள் உண்டு. இது பணக்காரர் படையெடுப்பு என்று சுவரில் எழுதிவைப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் அவசரம் அதிகம்.

முதலில் சிக்கனம் என்ற பேச்சை ஒதுக்கிவைக்க வேண்டும். இந்தத் தம்பதியின் வாழ்க்கை பெரும்பாலும் அந்த நல்ல குணத்தின் பெயரில்தான் புகழப்படுகிறது. அவர்கள் எதைக் குறைத்துக்கொண்டார்கள்? சொந்த ஊரில் மாதத்துக்கு ஒருமுறை வெளியே சாப்பிட்டவர்கள் இங்கே வாரத்துக்கு மூன்று முறை சாப்பிடுகிறார்கள். வீடு துடைக்க ஆள் வைத்துக்கொள்கிறார்கள். தேவையைச் சுருக்கி மிச்சம் பிடிப்பவர் தன் கையிலிருந்து பிடிக்கிறார். இங்கே மிச்சமாகும் பணமோ பரிமாறும் பெண்ணின் சம்பளமும் துடைக்க வருபவரின் சம்பளமும் குறைவாக இருப்பதிலிருந்து வருகிறது. பஸ் பாஸும் அப்படித்தான். 2019 ஏப்ரலுக்கு முன்பு அங்கே ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி வேறு வேறு கட்டணம். தூரத்துப் புறநகர்க்காரர்கள் சிலருக்கு மாதம் 100 யூரோவைத் தாண்டியதும் உண்டு. அதை 40க்கு இறக்கியது அரசும் நகராட்சிகளும் கொட்டும் மானியம். அதாவது அந்த அட்டையின் மீதி விலையை வரி கட்டுபவர்கள் கொடுக்கிறார்கள். இது பின்னால் வரப்போகும் விஷயத்துக்கு முக்கியம்.

இதனாலேயே வந்தவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். சம்பளம் குறைந்த நாட்டுக்குள் கால் வைப்பதே பாவம் என்றால் உலகத்தில் பாதிப் பேர் வீட்டைவிட்டு நகர முடியாது. மேலும் இந்தத் தம்பதி சுவரேறிக் குதித்து வரவில்லை. 2009இல் போர்ச்சுகல் அரசு புதிதாகக் குடியேறும் வெளிநாட்டினருக்குப் பத்து ஆண்டு வரிச் சலுகை அறிவித்தது. 2011இல் நாடு கடனில் மூழ்கி, ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நாணய நிதியமும் 7,800 கோடி யூரோ கடன் கொடுத்துக் கைதூக்கிவிட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்குவோருக்கு வசிப்பிட உரிமை தரும் ‘கோல்டன் விசா’ வந்தது. அதே 2012இல் பழைய வாடகை ஒப்பந்தங்களைத் திருத்தவும் குடியிருப்போரை வெளியேற்றவும் வழிவிட்ட சட்டமும் வந்தது. 2022இல் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டே வசிப்பவர்களுக்கான விசா. அதற்குக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் வாங்கும் உள்ளூர்த் தொழிலாளியின் நான்கு மாதச் சம்பளத்தை ஒரே மாதத்தில் வாங்குபவர்தான் வரலாம் என்று அரசே எழுதிவைத்திருக்கிறது.

அழைத்தது அரசு. ஆனால் அழைப்பின் செலவு அரசுக் கட்டடத்தில் இருப்பவர்கள் தலையில் விழவில்லை. லிஸ்பனின் பழைய பகுதிகளான அல்ஃபாமாவிலும் மொராரியாவிலும் மாடிப்படி ஏறி இறங்கும் வாடகைக்காரர்கள் தலையில் விழுந்தது. வீட்டுத் தலைவர் விருந்துக்குக் கூப்பிட்டார் என்பதால், சமையலறையில் இருப்பவர் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாமா என்பதுதான் இங்கே இருக்கும் சங்கடம்.

குடியேறுவதில் தவறில்லை என்பவர்களின் வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்பு லிஸ்பனின் பழைய பகுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கூரை இடிந்த வீடுகள், செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்கள், பால்கனிக் கம்பியில் முளைத்த செடிகள். சர்வாதிகாரி சலசாரின் ஆட்சி 1948இல் லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் வாடகையை உறையவைத்தது. 1974 புரட்சிக்குப் பிறகு அது நாடு முழுவதற்கும் நீண்டது. பல்லாண்டுகள் கழித்தும் சில முதியவர்கள் சொற்பத் தொகை வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடகையில் ஓடு மாற்றக்கூட வீட்டுக்காரரால் முடியவில்லை. மக்கள் வெளியேறியதும் வெளிநாட்டார் வருகைக்கு முந்தியது. 1981 கணக்கெடுப்பில் லிஸ்பன் மாநகருக்குள் எட்டு லட்சம் பேர். 2021இல் ஐந்தரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அந்தச் சரிவில் பெரும்பகுதி 2001க்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. பாழடைந்த வீடுகளில் பல, வெளிப்பணம் வந்ததால்தான் எழுந்து நின்றன. இதை மறைத்துவிட்டு எழுதும் கண்டனம் நேர்மையானதல்ல. ஆனால் எழுந்து நின்ற வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அல்ஃபாமாவில் கதவுக்குக் கதவு எண் பூட்டுப் போட்ட சிறு சாவிப் பெட்டிகள் தொங்குகின்றன. அவை சுற்றுலா வந்து தங்குபவர்களுக்கானவை, அண்டை வீட்டாருக்கானவை அல்ல.

இரண்டாவது வாதம் எல்லோருக்கும் பழக்கமானது. நாங்கள் இரண்டே பேர், எங்களால் எந்த வாடகை ஏறிவிடப்போகிறது? விலைவாசியைப் பொறுத்தவரை இது உண்மைதான். ஒரு தம்பதி வந்ததால் சந்தையில் ஒரு காசும் அசையாது. ஆனால் குடியிருக்கும் வீட்டை விலைவாசியைப்போல் பகிர்ந்துகொள்ள முடியாது. லிஸ்பனின் கிராசா பகுதியில் மூன்றாம் மாடியில் காலியாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து லிஸ்பன் அரசுப் பள்ளிக்கு நியமனமாகி வரும் ஆசிரியை ஒருவரும், வெளிநாட்டுத் தம்பதியும் ஒரே வாரத்தில் அதைப் பார்க்க வருகிறார்கள். ஆசிரியையிடம் சம்பளச் சீட்டும் பிணைக்கு ஆளும் கேட்பார்கள். அவர் ஊரிலிருக்கும் அப்பாவிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்வார். தம்பதியிடம் பிணைக்கு யாரும் இல்லை. அதற்கு ஈடாக ஆறு மாத வாடகையை இன்றைக்கே கொடுத்துவிடுகிறோம் என்பார்கள். வீட்டுக்காரர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டைப் பொறுத்தவரை தம்பதியின் பங்கு துளி அளவு அல்ல. முழுப் பங்கும் அவர்களுடையது. லிஸ்பன் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறைக்கு வாடகையும் ஒரு காரணம் என்பது அங்கே ஊரறிந்த செய்தி.

நாங்கள் எடுக்காவிட்டால் இன்னொரு வெளிநாட்டார் எடுத்திருப்பார் என்பார்கள். எடுத்திருக்கலாம். அது விளைவைப் பற்றிய ஊகம். ஆறு மாதப் பணத்தை மேசைமேல் வைத்த கை யாருடையது என்பதில் ஊகத்துக்கு இடமில்லை.

போர்ச்சுகீசியர்கள் மட்டும் ஊர் விட்டு ஊர் போகவில்லையா? போனார்கள், பெருமளவிலேயே. 1960களில் லட்சக்கணக்கானோர், பலர் கள்ளத்தனமாக மலை கடந்து, பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாரிஸுக்கு வெளியே ஷாம்பினியில் சேற்றில் பலகையும் தகரமும் வைத்துக் குடிசைபோட்டு வாழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் உழைப்பை விற்கப் போனவர்கள். வசதியான ஊருக்குக் குறைந்த பணத்தோடு போனார்கள். பிரெஞ்சுக்காரர் யாரும் அவர்களால் வீட்டை இழக்கவில்லை. நகரும் உரிமை இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். நகர்ந்த பிறகு இன்னொருவர்மேல் விழும் பாரம் ஒன்றல்ல.

வருகிறவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் என்பதும் சரியில்லை. இங்கே ஒரு சங்கிலி இருக்கிறது. டப்ளினிலோ லண்டனிலோ வாடகை கொடுத்துத் தீராமல்தான் பலர் லிஸ்பனுக்கு வருகிறார்கள். லிஸ்பனில் வாடகை தீராமல் ஊர் இளைஞர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்மாதாவுக்கும் பாரெய்ரோவுக்கும் போகிறார்கள். அதுவும் முடியாதவர்கள் லக்சம்பர்க் போகிறார்கள். அந்தக் குட்டி நாட்டின் மக்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் போர்ச்சுகீசியர். லக்சம்பர்க்கில் வேலை பார்ப்பவர்களில் பலரோ வாடகைக்கு அஞ்சி எல்லை தாண்டி பிரான்சிலும் ஜெர்மனியிலும் குடியிருந்துகொண்டு தினமும் வந்து போகிறார்கள். குளிருக்கு ஹீட்டர் போடவே யோசிக்கும் ஓய்வூதியக்காரர் வெயிலைத் தேடி வருவதையும், இதைவிடப் பெரிய வீடு கிடைக்கும் என்பதற்காக வருவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதலாமவருக்கு வேறு வழி குறைவு. அவரிடம் கணக்குக் கேட்கும்போது குரலைத் தணித்துக்கொள்ள வேண்டும்.

மொராரியாவில் பென்ஃபர்மோசோ தெரு என்று ஒன்று இருக்கிறது. வங்கதேசத்தவரின் மளிகைக் கடைகள், ஹலால் இறைச்சிக் கடைகள், முடிதிருத்தும் கடைகள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்களும் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுபவர்களும் இந்தத் தெருவை ஒட்டிய அறைகளில் நெருக்கியடித்துத் தூங்குகிறார்கள். அவர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். சமூகப் பாதுகாப்புக்குச் சம்பளத்தில் பிடித்தம் கட்டுபவர்கள்தான். 2024 டிசம்பரில் போலீசார் அந்தத் தெருவில் ஆண்களை வரிசையாகச் சுவரைப் பார்த்து நிறுத்திச் சோதனை போட்ட படம் நாடெங்கும் பரவியது. அதைக் கண்டித்து அடுத்த மாதம் பெரிய ஊர்வலமே நடந்தது. வாடகைக் கோபம் திரண்டு யார்மேல் இறங்குகிறது என்பதற்கு அந்தப் படம் போதும். நான்கு மடங்கு வருமானம் காட்டி வந்தவரை யாரும் சுவரோரம் நிறுத்துவதில்லை. அவருடைய வருகைக்கான ஊரின் எரிச்சலில் ஒரு பங்கை அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பவர் சுமக்கிறார். மலிவு வாழ்க்கைப் பட்டியல் எதிலும் இந்தச் செலவு எழுதப்படுவதில்லை.

எனவே குடியேறியதில் தவறு தேடுவதைவிட, குடியேறிய பிறகு எதைக் கைநீட்டி வாங்கினார்கள் என்று பார்ப்பதே நியாயம். அப்படிப் பார்த்தால் கேள்வி 2009இன் வரிச் சலுகையில் வந்து நிற்கிறது. அதன்படி வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு 2020 வரை போர்ச்சுகலில் வரியே கிடையாது. அதன் பிறகு வந்தவர்களுக்கு 10 விழுக்காடு. எங்கள் ஓய்வூதியக்காரர்கள் எந்த நாட்டுக்குமே வரி கட்டாமல் இருக்கிறார்களே என்று பொறுமை இழந்த பின்லாந்தும் ஸ்வீடனும் போர்ச்சுகலோடு செய்திருந்த வரி ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டன. மாதம் 1,500 யூரோ வாங்கும் உள்ளூர்ச் செவிலியருக்கு வருமான வரிப் பிடித்தம் உண்டு. 40 யூரோ பஸ் பாஸின் மீதி விலையில் அவருடைய பணம் இருக்கிறது. சுகாதார நிலையத்தின் செலவிலும் இருக்கிறது. அந்த நாட்டில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்ப மருத்துவர் ஒதுக்கப்படாத நிலையில், புதிதாகப் பதிந்துகொள்பவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார். ஊரின் பொதுச் செலவில் பங்கெடுக்காமல் ஊரின் பொது வசதியில் பங்கெடுப்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். பக்கத்து வீட்டுச் செவிலியரிடம் நேருக்கு நேர் விளக்கிச் சொல்ல முடியாத சட்டம் அது.

மற்றவை சிறு விஷயங்கள், ஆனால் கையில் இருப்பவை. ஊர் பிடிக்கிறதா என்று பார்க்க மாதக்கணக்கில் சுற்றுலா வாடகை வீடுகளில் தங்குவதைவிட, வரித்துறையில் பதிவான நீண்டகால ஒப்பந்தம் போடுவது மேல்; பதிவு வேண்டாம், கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்னும் வீட்டுக்காரரிடம் முடியாது என்று சொல்வதும் மேல். முன்பணத்தை அள்ளிக் கொடுத்து வரிசையை முந்தாமல் இருக்கலாம். மாடிப்படியில் ஒட்டும் அறிவிப்பைப் படிக்கும் அளவுக்குப் போர்ச்சுகீசிய மொழி கற்கலாம் (முயன்று பேசினாலும் கடைக்காரர் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார், தளரக் கூடாது). இதனாலெல்லாம் ஒரு வீடுகூடப் புதிதாக முளைத்துவிடாது. 1976 அரசியலமைப்பின் 65ஆம் பிரிவு எல்லோருக்கும் தகுந்த வீடு பெறும் உரிமை உண்டு என்கிறது; நாட்டின் மொத்த வீடுகளில் பொது வீடுகள் 2 விழுக்காடு அளவுதான். இந்த இடைவெளியை எந்தத் தம்பதியின் நல்ல மனமும் நிரப்பாது. அது அரசின் கடன்.

வீடு வாங்கி விசா பெறும் வழியை 2023இல் அடைத்தார்கள். பழைய வரிச் சலுகையும் 2024 முதல் புதியவர்களுக்கு இல்லை. அதன் இடத்தில் ஆராய்ச்சியாளர் போன்ற சிலருக்கான குறுகிய சலுகை வந்திருக்கிறது. பழைய சலுகையை ஏற்கெனவே பெற்றவர்கள் தங்கள் பத்து ஆண்டுகள் முடியும்வரை, சிலர் 2030களின் தொடக்கம்வரை, அனுபவிப்பார்கள். இந்தச் சலுகை ஊரில் குடியேறிய எவருக்கும் தானாக வந்து சேர்ந்ததில்லை. குடியேறிய அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் வரித்துறைக்குத் தனியாக விண்ணப்பித்தால்தான் கிடைத்தது. மறுக்க விரும்பியவர் செய்ய வேண்டியிருந்தது, விண்ணப்பிக்காமல் விடுவது மட்டுமே.