ரைட் என்னும் ஒரு சொல்



ஆங்கிலச் சொற்களுள் எழுத்தறியாதாரும் நாள்தோறும் வழங்கும் சொல் ஒன்றுண்டு. அஃது 'ரைட்' என்பது. பேருந்து நடத்துநர் படியில் நின்று "ரைட்" என்று குரல் கொடுத்தால் வண்டி புறப்படுகிறது. வழி சொல்பவர் "ரைட்டில் திரும்பு" என்றால் வலப்பக்கம் செல்கிறோம். ஆசிரியர் பிள்ளையின் கணக்கிற்கு 'ரைட்' போட்டால் விடை சரி. துணியாலையில் மடிப்புப் பகுதியிலே 'ரைட் சைடு' என்றால் துணியின் நல்ல முகம். வடிவ கணிதத்தில் 'ரைட் ஆங்கிள்' என்றால் செங்கோணம். நீதிமன்றத்திலும் தொழிற்சங்க மேடையிலும் 'ரைட்' என்றால் உரிமை. பௌத்த நூல்களின் ஆங்கிலப் பெயர்ப்பைப் புரட்டினாலோ, எண்வகை மார்க்கத்தின் எட்டு உறுப்புகளின் தலையிலும் அதே 'ரைட்' நிற்கிறது.

தமிழில் இவை ஒரு சொல் அல்ல. சரி வேறு, வலம் வேறு, செம்மை வேறு, உரிமை வேறு. ஆங்கிலேயர் மட்டும் இத்தனைப் பொருளையும் ஏன் ஒரே பெட்டியில் அடைத்தனர்? இஃது அகராதிக்காரருக்கு மட்டும் உரிய வினா அன்று. "பற்றை விடுக என்றன்றோ பகவன் அருளினார்? அங்ஙனமாயின் உரிமை உரிமை என்று கேட்பது பௌத்தனுக்கு ஏற்குமா?" என்று நம் கூட்டங்களில் இளைஞர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை காண இச்சொல்லை ஆராய்வது பெரிதும் உதவும்.

முதலாவது இதன் வேரைக் காண்போம். 'ரைட்' என்பதன் தொன்மைப் பொருள் நேரானது, கோணாதது என்பதே. இலத்தீன் மொழியில் நேர் என்னும் பொருளுடைய 'ரெக்டுஸ்' என்பதும், வடமொழியில் அப்பொருளே தரும் 'ருஜு' என்பதும் இதற்கு ஒரு வேர்க் கிளைகள் என்று மொழிநூலார் கூறுவர். அந்த 'ருஜு' பாலி மொழியில் 'உஜு' என்றாகும். பகவனின் சீடர் சங்கத்திற்குரிய குணங்களுள் உஜுவாக, அதாவது கோணாமல், நடத்தலும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. நம் செங்கோணத்திலும் செங்கோலிலும் உள்ள செம்மையும் இந்த நேர்மையே.

ஆனால் மார்க்கத்தின் எட்டு உறுப்புகளிலும் முன்னிற்கும் பாலிச் சொல் உஜு அன்று. அது 'சம்மா' என்பது. ஒருங்கு கூடியது, முழுமையானது, தகுந்தது என்று அது விரியும். 1881ஆம் ஆண்டில் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் ரைஸ் டேவிட்ஸ் என்னும் அறிஞர் அதனை 'ரைட்' என்று பெயர்த்தார். தமிழில் நாம் நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்று 'நல்' சேர்த்து வழங்குகிறோம். ஆங்கிலப் பெயர்ப்பில் கோணாமை தெரிகிறது. நம் பெயர்ப்பில் நன்மை தெரிகிறது. பாலியிலோ முழுமை தெரிகிறது. மூன்றையும் சேர்த்துக் கொள்பவருக்கு இழப்பில்லை.

இனி, நேர் என்னும் சொல் வலக்கைக்குப் பெயரானது எப்படி? பெரும்பாலோர் வலக்கையால் தொழில் செய்தனர்; ஆகலின் அதுவே முறையான கை என்றாயிற்று. இடக்கைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லெப்ட்' என்னும் சொல்லின் பழம்பொருள் வலுவற்றது என்பதாம். இலத்தீனில் இடக்கைக்குரிய சொல்லே, ஆங்கிலத்தில் தீக்குறிக்குப் பெயராகிவிட்டது. நம் தமிழும் இதற்கு விலக்கன்று. வலம் என்றால் வலிமை, வெற்றி. வலக்கையைச் சோற்றுக்கை என்று போற்றுகிறோம். உடலின் அழுக்கைக் கழுவும் வேலையை இடக்கைக்குக் கொடுத்துவிட்டு, அக்கையால் ஒன்றைக் கொடுத்தால் இழிவென்று முகம் சுளிக்கிறோம்.

இங்கே சற்று நின்று எண்ணுங்கள். தூய்மை செய்யும் கை இழிந்தது. தூய்மை செய்யப்பெற்ற உடல் உயர்ந்தது. இஃது என்ன நியாயம்? ஊரைத் தூய்மை செய்த மக்களை ஊருக்குப் புறத்தே நிறுத்தியதும் இதே நியாயந்தானே! மலம் அள்ளும் தொழிலைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும், கழுவும் கை இழிந்தது என்னும் எண்ணத்தைச் சட்டத்தால் மட்டும் அகற்ற இயலவில்லை.

நூலாலையில் வேலை செய்தோர் அறிவர். ஓடும் கதிரில் இழை அறுந்தால் ஒரு கையால் அதனை ஒட்ட முடியாது. ஒரு கை கதிரை நிறுத்திப் பிடிக்க வேண்டும். மறு கை இழையை எடுத்து உருளையில் வருவதோடு சேர்க்க வேண்டும். இடக்கை இழிந்தது என்று அங்கே எந்த மேஸ்திரியும் சொன்னதில்லை.

இந்தக் கைப் பிரிவு நம் முன்னோரை எங்ஙனம் அலைக்கழித்தது என்பதையும் மறத்தல் ஆகாது. தமிழ்நாட்டிலும் கன்னட நாட்டிலும் சாதிகள் வலங்கை என்றும் இடங்கை என்றும் இரு கூறாக நின்று பூசலிட்டன. எத்தெருவில் எவர் ஊர்வலம் போவது, எவர் குடை பிடிப்பது என்பவற்றுக்காகக் குருதி சிந்தினர். 1707ஆம் ஆண்டில் சென்னைப் பட்டணத்தில் எழுந்த பெருங்கலகத்தை அடக்க ஆளுநர் தாமஸ் பிட் பெரும்பாடு பட்டார். ஒடுக்கப்பட்ட மக்களும் இப்பூசலுக்குத் தப்பவில்லை. பறையர் வலங்கை என்றும், தோல் தொழில் செய்தோர் இடங்கை என்றும் பிரிக்கப்பட்டு, தமக்கு ஒரு நாளும் கிடையாத மரியாதைகளுக்காக ஒருவரை ஒருவர் அடித்துக் கொண்டனர். அவற்றையும் 'உரிமை' என்றே அழைத்தனர். அவை உண்மையில் உரிமைகள் அல்ல. மற்றவன் நடக்கக் கூடாது என்றால்தான் அவற்றுக்கு மதிப்பு உண்டு. அவற்றுக்குச் சலுகை என்பதே தகுந்த பெயர்.

காதால் கேட்டால் 'ரைட்' என்றே ஒலிக்கும் வேறு ஆங்கிலச் சொற்களும் உண்டு. ஒன்றுக்கு எழுதுதல் என்று பொருள். மற்றொன்றுக்குச் சடங்கு என்று பொருள். எழுத்தும் வேரும் வேறு. ஒலி மட்டும் ஒன்று. ஆங்கிலேயன் எழுத்தைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிகிறான். உலகமோ இவற்றை வாழ்க்கையில் பிரித்தறியாது மயங்குகிறது. சடங்கைச் செய்துவிட்டால் செம்மை வந்துவிட்டது என்று நம்புகிறது. சடங்குகளையும் நோன்புகளையும் பற்றிக் கொண்டு தொங்குதலை, அறுக்க வேண்டிய பத்துத் தளைகளுள் ஒன்றாகப் பகவன் வைத்தார். விளக்கேற்றி மலர் வைத்துத் திரிசரணம் சொல்லும் நாமும், அவற்றோடு நின்றுவிட்டால் அத்தளையையே புதிதாகப் பூட்டிக் கொண்டோராவோம். அங்ஙனமே, எழுதிவைத்து விட்டால் உரிமை கைக்கு வந்துவிட்டது என்று எண்ணுவதும் மயக்கமே. அதனைப் பின்னர்க் காண்போம்.

இப்போது உரிமைக்கு வருவோம். சிகாலோவாத சுத்தத்தில் பகவன், தலைவன் தொழிலாளிக்குச் செய்ய வேண்டியவை ஐந்து என்று வகுத்தார். வலிமைக்கு ஏற்ப வேலை தருதல், உணவும் ஊதியமும் தருதல், நோயில் பேணுதல், நல்லுணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு தருதல் என்பன அவை. தொழிலாளி தலைவனுக்குச் செய்ய வேண்டியவையும் ஐந்து அங்கே சொல்லப்பட்டன. இவை அனைத்தும் கடமைகளாகவே கூறப்பட்டுள்ளன என்பதை நோக்குக. ஒருவன் கடமை எதுவோ, அதுவே மற்றவனுக்கு உரியது. இருவரும் கடமை ஆற்றினால் உரிமை என்னும் சொல்லே தேவையில்லை.

ஆனால் தலைவன் கடமை தவறினால் தொழிலாளி செய்வது என்ன? காத்திருப்பதா? இங்கேதான் உரிமையின் தேவை எழுகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஓராண்டில் 240 நாள் உழைத்த வயது வந்த தொழிலாளிக்கு, உழைத்த இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்தோடு விடுப்பு வைத்தது. அதற்கு முன்னும் சில இடங்களில் மேலாளர் மனமிரங்கி விடுப்புத் தந்ததுண்டு. விடுப்பு ஒன்றே, ஆயினும் வாங்குபவனின் முதுகைப் பாருங்கள். இரக்கத்தால் கிடைப்பதற்கு அவன் வளைந்து நின்றான். சட்டத்தால் கிடைப்பதற்கு நிமிர்ந்து நிற்கிறான். நேர் என்னும் பொருளுடைய சொல்லை உரிமைக்கு ஆங்கிலேயர் சூட்டியது பொருத்தமே. வளைக்கப்பட்ட முதுகை உரிமை நேராக்குகிறது.

பற்றை விட வேண்டியவன் உரிமை கேட்கலாமா என்னும் வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம். பற்றாகிய வேட்கைக்குப் பாலியில் 'தண்ஹா' என்று பெயர். அதன் நேர்ப்பொருள் தாகம். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு மகாத் நகரின் சவ்தார் குளத்திற்கு நடந்து நீர் அருந்தினார். பொது நீர்நிலைகள் எல்லார்க்கும் திறந்தவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923இலேயே தீர்மானித்திருந்தது. மகாத் நகராட்சியும் அதனை ஏற்றிருந்தது. உரிமை எழுத்தில் இருந்தது; ஆனால் நீர் நாவிற்கு எட்டவில்லை. மக்கள் நடந்து சென்று அள்ளிய பின்னும், சாதி இந்துக்கள் குளத்தைச் சடங்கால் 'தூய்மை' செய்து, வழக்கும் தொடுத்தனர். அவ்வழக்கு முடிந்து உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளிக்க 1937ஆம் ஆண்டாயிற்று.

அந்த மக்களின் தாகம் தண்ஹாவா? அன்று. தண்ஹா தனக்கே வேண்டும் என்னும். கிடைத்த பின்னும் அடங்காது. மகாத் மக்கள் எவர் நீரையும் பறிக்கவில்லை. குளத்தை எல்லார்க்கும் பொதுவாக்கவே நடந்தனர். எனக்குக் கிடைத்தால் எல்லார்க்கும் கிடைக்க வேண்டும் என்று எவ்வுரிமையைக் கேட்க முடியுமோ, அது செம்மையான உரிமை. அதனைக் கேட்பது பற்றன்று. கோணலை நேராக்கும் நன்முயற்சி.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலத்தில் 'உனக்கு ரைட் இருக்கிறது' என்பது வேறு, 'நீ ரைட்டாக இருக்கிறாய்' என்பது வேறு. முன்னது ஒன்றை உடைத்திருத்தல். பின்னது ஒருவாறு இருத்தல். வாடகை தவறிய நோயாளியை வெளியேற்ற வீட்டுக்காரருக்குச் சட்டம் இடம் கொடுக்கலாம். ஆகவே அது செம்மையான செயல் என்று ஆகிவிடாது. உரிமையை ஒருவருக்குச் சட்டம் தரக்கூடும். நற்காட்சியையும் நல்வாய்மையையும் எந்தச் சட்டசபையும் தர முடியாது. அவற்றை நாமே ஆக்கிக் கொள்ள வேண்டும்.

நம் 'உரிமை' என்னும் சொல்லிலும் ஒரு கறை உண்டு. பழந்தமிழில் அரசனுக்குரிய மகளிரை உரிமை மகளிர் என்றனர். ஒருவர்க்கு உரியது என்றால் அங்கே ஓர் உயிரே உடைமையாகிவிட்டது. அக்காலம் போயிற்று என்று சொல்லிவிட முடியுமா? மேடையில் அரசியற் சட்டத்தின் 17ஆம் பிரிவை எடுத்துரைத்துத் தீண்டாமை ஒழிந்தது என்று முழங்குகிறோம். இல்லம் திரும்பியதும், உழைத்துக் களைத்த மனைவி நமக்குப் பின்னரே உண்ண வேண்டும் என்கிறோம். அவள் ஈட்டிய கூலியை அவளைக் கேளாமல் செலவிடுகிறோம். மகள் தன் துணையைத் தானே தேர்ந்தால் சினக்கிறோம். நம்மினும் தாழ்ந்தவர் என்று பிறர் காட்டும் சாதியாரோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்கத் தயங்குகிறோம். வலங்கை இடங்கைப் பூசல் பெயர் மாறி நம் வீட்டில் குடியிருக்கிறது என்பதன்றி இதற்கு வேறு பொருள் என்ன? சிகாலோவாத சுத்தம் கணவன் மனைவிக்குச் செய்யும் கடமைகளுள் மதித்தலையும், இழிவு செய்யாமையையும் வைத்திருக்கிறது. வெளியே கேட்கும் உரிமையை உள்ளே கொடுக்காதவன், உரிமையைக் கேட்கவில்லை, சலுகையையே கேட்கிறான்.

1954ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் வானொலியில் பேசிய பாபாசாகேப், சுதந்தரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிடம் பெறவில்லை, தம் ஆசானாகிய புத்தரிடமே பெற்றதாகக் கூறினார். மீறுவோரைத் தடுக்கும் அளவில் சட்டத்திற்கு இடமளித்து, சகோதரத்துவமே மெய்யான காவல் என்று அதனை உச்சியில் வைத்தார். அரசியற் சட்டத்தில் உரிமைகளை எழுதும் பணிக்குத் தலைமை தாங்கியவரே, எழுத்தின் எல்லை இஃது என்று காட்டினார்.

ஆகையால் இளைஞர்களே, உரிமையைக் கேளுங்கள். நிமிர்ந்து நின்று கேளுங்கள். கேட்பதற்கு முன், நான் கேட்பது எல்லார்க்கும் உரியதா என்று உங்களையே வினவிக் கொள்ளுங்கள். கிடைத்த அன்றே, வீட்டிலும் தெருவிலும் அதனை எவர்க்கு மறுத்து வைத்திருக்கிறோம் என்று தேடிப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். அப்போது உரிமையும் செம்மையும் நம்மிடம் ஒரே சொல்லாகும்.

அனைத்துயிரும் நலம் பெறுக!