பட்டை விழுந்தால் போதுமா?

வெஸ்டர்ன் பிளாட்டுக்கு ஆன்டிபாடி வாங்கும்போது பலரும் புரதத்தின் பெயரையும் விலையையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது புரதத்தின் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. புற்றுநோய் ஆய்வுக்கூடங்களில் ஓயாமல் தேடப்படும் பி53 புரதத்தை எடுத்துக்கொள்வோம்.

எஸ்டிஎஸ் கலந்து கொதிக்கவைத்ததும் புரதத்தின் மடிப்புகள் குலைந்து வெறும் சங்கிலியாகிவிடும். ஜெல்லில் ஓடி மெம்பிரேனுக்கு வந்து சேர்வது அந்தச் சங்கிலிதான். பிஏபி1620 என்ற ஆன்டிபாடியோ பி53 சரியாக மடிந்திருந்தால்தான் பிடிக்கும், வெஸ்டர்னுக்கு உதவாது. பிஏபி240 இன்னும் சுவாரசியம். அது பிடிக்கும் இடம் இயல்பான பி53-இல் மடிப்புக்குள் புதைந்திருக்கும். பிறழ்வால் உருக்குலைந்த பி53-இல் வெளியே தெரியும். அதனால் 'பிறழ்வு பி53-ஐக் காட்டுவது' என்று பெயர் வாங்கிவிட்டது. கொதிக்கவைத்த பிறகு இரண்டிலுமே அந்த இடம் திறந்துவிடுமே! வெஸ்டர்னில் அதன் பட்டையைப் பார்த்துப் பிறழ்வு என்று முடிவு கட்டக் கூடாது.

வெஸ்டர்னில் அதிகம் புழங்கும் டிஓ-1, சங்கிலியின் தொடக்கத்தில் 20 முதல் 25 வரையுள்ள அமினோ அமிலங்களைப் பிடிக்கும். மடிப்பு தேவையில்லை. ஆனால் சுண்டெலியின் பி53-இல் அந்த வரிசை வேறு. அங்கே டிஓ-1 வேலை செய்யாது. தொடக்கப் பகுதி இல்லாத குறுகிய பி53 வடிவங்களும் அதன் கண்ணில் படாது.

அளவைப் பார்த்து உறுதி செய்யலாமே என்றால், அதிலும் சிக்கல். 393 அமினோ அமிலங்களைக் கணக்கிட்டால் சுமார் 44 கிலோடால்டன்தான். புரோலின் மிகுந்த பகுதி இருப்பதால் ஜெல்லில் மெதுவாக ஓடி 53-இல் நிற்கிறது. பெயரே அப்படி வந்ததுதான். அந்த அளவிலேயே இன்னொரு குழப்பமும் வரலாம்: சுண்டெலித் திசுவில் சுண்டெலி ஆன்டிபாடியையே போட்டால், செகண்டரி ஆன்டிபாடி திசுவிலுள்ள இம்யூனோகுளோபுலினையும் பிடிக்கும். அதன் கனச் சங்கிலி 50 கிலோடால்டன், பி53-க்கு ஒட்டினாற்போல. அங்கே முயலில் தயாரித்த சிஎம்5 போன்ற ஒன்றுதான் பொருத்தம். ஆனால் பாலிகுளோனல் என்பதால் லாட்டுக்கு லாட் மாறக்கூடும். லாட் எண்ணைக் குறித்துவையுங்கள்.

கன்ட்ரோலுக்கு ஹீலா செல்லை மட்டும் நம்பவேண்டாம். அதிலுள்ள வைரஸின் ஈ6 புரதம் பி53-ஐச் சிதைத்துவிடுகிறது. எச்சிடி116 செல்லையும், பி53 மரபணு நீக்கப்பட்ட அதே செல்லையும் பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டுங்கள். நீக்கிய லேனிலும் அதே பட்டை விழுந்தால் அது பி53 அல்ல. விற்பவர் தரும் தாளில் இப்படியொரு படம் இல்லையென்றால், நீங்களே ஓட்டிப் பார்க்கும்வரை அந்த ஆன்டிபாடியை வைத்து எதையும் எழுதாதீர்கள்.