உறக்கமும் அறமும்

உழைப்பை விற்று வாழ்வது குற்றமன்று. ஆயின் உறக்கத்தையும் விற்கலாமோ? ஐதராபாத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் இன்று எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

நோயாளிக்காகச் செவிலியரும், பயணிகளுக்காக இருப்புப்பாதை ஊழியரும் இரவில் விழித்திருப்பது பழைய வழக்கம். ஆனால், 1998இல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் எழுந்த பின்னர், நம் பிள்ளைகள் பலர் கடல் கடந்த நாட்டின் பகலுக்காகத் தம் இரவைக் கொடுக்கின்றனர். குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 7.30, அங்கே மாலை 5 மணி என்றால் இங்கே பின்னிரவு 3.30.

மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் துயிலையும் கேட்டிற்குரியவற்றுள் ஒன்றாக எண்ணினார். அதுகொண்டு, விழிப்பே உயர்வு, உறக்கம் சோம்பல் என்பாருளர். அவர் கடிந்தது கடமை மறந்த துயிலையே அன்றி, உழைத்துக் களைத்தவன் உறக்கத்தை அன்று. பின்னது உடலுக்குத் திருப்பித் தரும் கடனாகும்.

இக்கடனைக் கணக்கிடும் கடிகாரம் நம்முள்ளேயே உண்டு. 1729இல் தெ மேரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு செடியை இருளில் வைத்தார். ஞாயிற்றைக் காணாமலே அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் குவிந்தன. அத்தகைய உட்கடிகாரம் உயிரணுக்களில் இயங்கும் முறையைக் கண்ட மூவர்க்கு 2017இல் நோபெல் பரிசு கிடைத்தது. மனிதனின் கடிகாரம் கண்ணிற்படும் ஒளியால் நாள்தோறும் திருத்தம் பெறுவது. இரவெல்லாம் உழைத்தவன் காலை வெயிலில் வீடு திரும்புங்கால், களைப்பு உறங்கு என்கிறது. கடிகாரமோ விழித்திரு என்கிறது. இரவு முறைப்பணியைப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியவற்றுள் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வகம் 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் உறுதி செய்தது.

இத்துறையில் தமிழகத்தின் பங்கும் பெரிது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் குகைவாழ் வௌவால்களை ஆராய்ந்து 1981இல் முடிவுகளை வெளியிட்டனர். இருட்குகையில் அடைபட்ட வௌவால், தன் இனம் மாலையில் வெளியேறி விடியலில் திரும்பும் அசைவினாலேயே பொழுதறிந்து நடந்தது. இனமற்ற குகையில் தனித்திருந்த வௌவாலின் கணக்கோ, நாட்செல்லச் செல்லப் புறத்துப் பொழுதினின்று விலகிப் போயிற்று.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. பொழுது என்பது தனியொருவன் உடைமையன்று. சுற்றத்தோடு கூடிக் காப்பது. இரவுப்பணியாளன் இழப்பது உறக்கம் மட்டுமன்று. குழந்தையின் மாலையும், மனைவியோடும் பெற்றோரோடும் உண்ணும் உணவும் அவ்விழப்பிற் சேரும்.

‘அவன் விரும்பி ஏற்றதுதானே’ எனலாம். ஊர்க்கடனும் தங்கையின் படிப்பும் முன்நிற்க, ஏற்பவன் விருப்பம் முழு விருப்பமாகாது. ஆயினும் அவ்வருவாயால் பல குடும்பங்கள் நிமிர்ந்தன என்பதும் மெய். எனவே நாம் வேண்டுவது தடையன்று, விலையறிந்து பகிர்தல்.

முதலாளி, பணிமுறையை அடிக்கடி புரட்டாமல், இடையே போதிய ஓய்வு தருக. அண்டை அயலார், பகலில் உறங்குபவனைச் சோம்பேறி என்னாதிருக்க. வீட்டார், அவன் அறையில் இருளும் அமைதியும் காத்து, கூடியுண்ண ஒரு வேளையையேனும் அவனுக்கேற்ப அமைத்துக் கொள்க. நம் வளத்திற்காக ஒருவன் தன் இரவை ஈந்தால், அவன் பகலைக் காப்பது நம் கடமையன்றோ!