யாருடைய சேதி, யார் வாயில்?

'நம்ம சனத்துக்கு ரகசியம் ஒரு கேடா?' என்று கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு சுவரை ரெண்டு வீடு பங்கு போடும் காலனியில் ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் கேட்கும். எந்த அடுப்பு எரியுது, எந்த அடுப்பு எரியல என்பதுகூட எல்லாருக்கும் தெரியும். அப்படித் தெரிந்ததால்தான் பசித்த வீட்டுக்குக் கஞ்சி போனது. அந்தரங்கம் என்பதெல்லாம் தனி அறையும் தாழ்ப்பாளும் உள்ளவர்களின் கவலை என்பது இவர்கள் வாதம். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

அலங்காநல்லூர் வட்டாரத்தில், கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் போய்ப் பிழைக்கிற ஓர் அக்கா. புருசன் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்று அவரிடம் சொன்னார்கள். பத்து நாளில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அவர் இன்னும் தன்னைப் பெத்த தாயிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. வயலில் கஞ்சித் தூக்கைப் பக்கத்தில் வைத்துக் குடித்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். வீட்டில் நாத்தனார் அவருக்கென்று ஒரு தம்ளரை ஒதுக்கி, கொல்லைப்புறத்து மாடத்தில் கவிழ்த்து வைத்தார்.

தோழர்களே, அந்தத் தம்ளரை நினைத்துப் பாருங்கள். டீக்கடையில் எந்தத் தம்ளருக்காக அடி வாங்கினோமோ, கேசு வாங்கினோமோ, அதே தம்ளர் இப்போது நம்ம வீட்டு மாடத்தில் இருக்கிறது. தண்ணி குடித்தால் எச்.ஐ.வி. ஒட்டாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஒதுக்குகிற கை நீண்டுவிட்டது. தீட்டு என்பதை நாமும்தான் கற்று வைத்திருக்கிறோம்.

"நோயக்கூடத் தாங்கிக்கிருவேன் தம்பி. நான் சொல்லாதத அவுக சொல்லிட்டாகளே, அதத்தான் தாங்க முடியல" என்றார் அக்கா.

சேதியை வெளியே கொண்டுவந்தவர் அந்த ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்டில் கூட்டித் துடைக்கிற பெண். நம்ம சனம்தான், தூரத்துச் சொந்தமும்கூட. ரிஜிஸ்டர் மேசைமேல் விரித்தபடி கிடக்கும். வரிசையில் நிற்கிறவர்களின் பேரையும் நோயையும் சேர்த்துக் கத்திக் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் தெருவில் சொல்லியிருக்கிறார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். எழுதினால் அக்காவைத் தேடிப்போவார்கள்.

இதைப் புகார் செய்வதா, வேண்டாமா? இயக்கத் தோழர்களுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. கலெக்டரிடம் மனு, பத்திரிகையில் சேதி, வாசலில் ஆர்ப்பாட்டம் என்று அடுக்கினார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. பயம் காரணமில்லை. களவு போன பொருளைத் தேடிப் புகார் கொடுத்தால் பொருள் திரும்பக் கிடைக்கலாம். களவு போன ரகசியத்துக்குப் புகார் கொடுத்தால், மிச்சமிருந்ததும் போய்விடும். பத்துப் பேருக்குத் தெரிந்தது மனுவைப் படிக்கிற குமாஸ்தாவிலிருந்து ஆரம்பித்து ஆயிரம் பேருக்குத் தெரியும்.

சட்டம் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவருடைய நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. வாழ்க்கைத் துணைக்கு ஆபத்து என்றால் டாக்டரோ ஆலோசகரோ துணையிடம் சொல்லலாம். அதற்கும் முறை, நிபந்தனை உண்டு. தெருவுக்குச் சொல்லலாம் என்று எங்கேயும் இல்லை. புகாரை விசாரிக்க மாநிலத்தில் ஒரு குறைதீர்ப்பாளர். அவர் 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். கோர்ட்டுக்குப் போனால் பேரை மறைத்து வேறு பேரில் வழக்கு நடத்தக் கேட்கலாம்.

நல்ல சட்டம்தான். ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற மருத்துவ நிலையத்தில்தான் புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். நம்ம சனம் முதலில் போய் நிற்பது ஒரு டாக்டர், ரெண்டு நர்சு உள்ள சின்ன இடத்தில். கோர்ட்டில் பேரை மறைக்கலாம். காலனியில் 'பெட்டிசன் போட்டது யாரு' என்பது பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும்.

முறையிடப் போனவருக்கு என்ன நடந்தது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு உண்டு. 1995-ல் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாகாலாந்து டாக்டர் ஒருவர் ரத்தம் கொடுத்தார். எச்.ஐ.வி. என்று தெரிந்தது. சேதி வெளியே போய் நிச்சயித்த கல்யாணம் நின்றது. சொந்தச் சனம் ஒதுக்கியதால் ஊரை விட்டே வந்தார். ரகசியத்தைக் காக்கவில்லை என்று வழக்குப் போட்டார். 'எக்ஸ் எதிர் ஆஸ்பத்திரி இசட்' என்று பேர். 1998 செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம், கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் உயிர் பெரிது, ஆஸ்பத்திரி மேல் குற்றமில்லை என்றது. அந்தப் பெண்ணின் உயிர் பெரிதுதான், அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அதோடு நிற்காமல், இந்த நோய் உள்ளவர்களுக்குக் கல்யாண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது என்றும் எழுதிவிட்டார்கள். கேட்கப் போனது ஒரு மனிதர்; உரிமை போனது அத்தனை பேருக்கும். 2002 டிசம்பரில்தான், மூன்று நீதிபதிகள், அந்தக் கல்யாணப் பேச்சு அந்த வழக்குக்குத் தேவையில்லாதது என்று தள்ளிவைத்தார்கள். நாலு வருசத்துக்கு மேல் ஆயிற்று.

வாயைத் திறந்தவர்களுக்கு நேர்ந்ததற்கு இன்னும் பக்கத்தில் ஒரு சாட்சி உண்டு. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அது வெளியே வந்தது யாரால்? ரத்தம் கொடுத்த இளைஞராலேயே. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தனக்கு இருப்பது தெரிந்ததும், தன் ரத்தம் யாருக்கும் போய்விடக் கூடாதென்று அவரே தகவல் சொன்னார். பிறகு அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30-ல் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இறந்தார். முன்பின் தெரியாத உயிருக்காகத் தன் ரகசியத்தைத் தானே எடுத்துக் கொடுத்தவர் அவர். அவரைத் தாங்கிப் பிடிக்க நம்மிடம் கை இல்லாமல் போயிற்று.

அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமா? அதுவும் முடியாது. எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கிற இடத்துக்குத் தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று பேர். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் முழு ஆயுசும் வாழக்கூடிய காலம் இது. அக்காவுக்கு நடந்ததைப் பார்த்த இன்னொரு பெண், சந்தேகம் இருந்தும் ரத்தம் கொடுக்கப் போகமாட்டாள். போனாலும் பக்கத்து ஜில்லாவுக்குப் பஸ் ஏறுவாள். ஒரு நாள் கூலி போகும். நாலு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவாள். நம் மௌனம் அக்காவைக் காப்பாற்றும், அவளைக் கொல்லும்.

அடுத்த சிக்கல், அந்தக் கூட்டித் துடைக்கிற பெண். நம்ம ஆளு, விட்டுவிடலாம் என்றார் ஒருவர். நம்ம ஆளு செய்தாலும் அக்காவின் தம்ளர் தனித் தம்ளர்தானே? விடக் கூடாது. ஆனால் புகார் போனால் நடக்கப்போவதும் எனக்குத் தெரியும். மறுநாளே அவர் வேலை போகும். ரிஜிஸ்டரை விரித்துப் போட்டவருக்கும், நோயைச் சொல்லிக் கூப்பிட்டவருக்கும் ஒன்றும் ஆகாது. மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் வருச ஒழுக்க விதிகள், நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்லி டாக்டரைத்தான் கட்டுகின்றன. துடைப்பம் பிடிக்கிறவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. மேலே உள்ளவர்களின் அசட்டைக்குக் கீழே உள்ள ஒருத்தியைப் பலி கொடுத்து 'நடவடிக்கை எடுத்தாச்சு' என்பார்கள். இந்த நீதி நமக்குப் பழசு.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். நமக்கு எதற்கு ரகசியம்? பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலிருந்து சாதிச் சான்றிதழ் வரை, தெருப் பேரிலிருந்து சுடுகாடு வரை, நாம் யார் என்பதை மற்றவர்கள்தான் நமக்கு முந்திச் சொல்லியிருக்கிறார்கள். நம் உடம்பைப் பற்றி, சுத்தத்தைப் பற்றி, ஒழுக்கத்தைப் பற்றி அவர்கள் சொன்னதுதான் சேதி. இதற்கு எதிராகத்தான் நாம் நம் கதையை நாமே எழுத ஆரம்பித்தோம். இந்த மாதிரிப் பத்திரிகையில் ஒரு பெண் தன் வேதனையைத் தன் பேரில் எழுதினால் அது விடுதலை. அதே வேதனையை இன்னொருவர் குழாயடியில் சொன்னால் அது வன்முறை. சேதி ஒன்றுதான், யார் வாயில் வருகிறது என்பதில்தான் இருக்கிறது எல்லாம். சொல்லும் உரிமையில் பாதி, சொல்லாமல் இருக்கும் உரிமை.

இது சரியென்றால், புகார் செய்வதா என்று முடிவெடுக்க நானோ இயக்கமோ யார்? அக்காவைக் கேட்காமல் நாங்கள் கொடி பிடித்திருந்தால், அந்தப் பெண் குழாயடியில் செய்ததையே நாங்கள் மைக் போட்டுச் செய்திருப்போம். எங்கள் வேலை, சட்டம் என்ன சொல்கிறது, எதைத் தரும், எதைத் தராது என்று மறைக்காமல் அவருக்குச் சொல்வது. வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்வது. வேண்டும் என்றால் கடைசிவரை கூட நிற்பது.

அக்கா ஒரு வாரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "எம் பேரு வேணாம். அந்தப் புள்ள பேரும் வேணாம், அதுக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு. ஆனா அந்தப் பொஸ்தகத்த மூடி வைக்கச் சொல்லு. நோயச் சொல்லிக் கூப்புடுறத நிப்பாட்டச் சொல்லு."

அப்படியே எழுதினோம். ரிஜிஸ்டர் பூட்டி இருக்க வேண்டும், நம்பரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், துடைக்கிறவர் முதல் டாக்டர் வரை எல்லாருக்கும் ரகசியம் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்று மூன்று கோரிக்கை. நாலு அமைப்புகளின் கையெழுத்து. இப்போது நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மற்ற ரெண்டும் நடக்கவில்லை. திரும்பவும் மனு கொடுத்திருக்கிறோம். அந்தப் பெண்ணிடம் அக்காவே நேரில் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ரெண்டு வரியை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.